சார்ல்ஸ்டன் சிட்டடல்: வெள்ளிக்கிழமை பரேட், நாப் பசங்க, அந்தப் பழைய கோட்டை

ஆத்தோரவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சவுத் கரோலினால, சார்ல்ஸ்டன்ல குடியிருக்கோம், ஒம்பது வருசம் ஆச்சு. வீட்டுல இருந்து பத்து நிமிசம் வண்டில போனா ஆஷ்லி ஆத்தங்கரைல தி சிட்டடல்னு ஒரு மிலிட்டரி காலேஜ் இருக்கு. வெஸ்ட் பாயின்ட் மாதிரி மத்திய அரசோடது இல்ல, மாநில அரசு நடத்தறது. கிளாஸ் நடக்கற மாசங்கள்ல அநேகமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3.45க்கு பரேட் இருக்கும். டிக்கெட் கிடையாது, யாரு வேணாலும் மடக்கு நாற்காலிய எடுத்துட்டுப் போய் உக்காந்து பாக்கலாம். நேத்து பையனக் கூட்டிட்டு போனேன், அதான் எழுதறேன்.

நடுவுல சமரால் ஃபீல்டுன்னு பெரிய புல்தரை. சுத்தி வெள்ளை வெளேர்னு கட்டடங்கள், எல்லாத்துக்கும் தலைல கோட்டைக்கு இருக்கற மாதிரி பல்லுப் பல்லா கைப்பிடிச் சுவர், மூலைக்கு மூலை கொத்தளம். ஒரு பக்கம் பூரா பாரக்ஸ், அதாவது பசங்க தங்கற இடம். முதல்ல பேக்பைப் சத்தம் தூரத்துல கேக்கும், அப்புறம் ஒவ்வொரு கம்பெனியா பாரக்ஸ் வாசல்ல இருந்து வெளிய வரும், சாம்பல் கலர் கோட்டு வெள்ளைக் கால்சட்டை, தோள்ல துப்பாக்கி. ரெண்டாயிரம் பேருக்கு மேல ஒரே அடில நடக்கறப்ப அந்தச் சத்தம் காதுல விழறத விட கால் வழியா ஏறுது. பீரங்கி வெடிச்சப்ப பையன் என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

பாரக்ஸ் உள்ள ஒரு தடவை பாத்திருக்கேன். நம்ம கொங்குப் பக்கம் தொட்டிக்கட்டு வீடு தெரியுமில்ல, அதையே நாலு மாடிக்கு ஏத்தினா எப்படி இருக்கும்? நடுவுல திறந்த முற்றம், சுத்தி நாலு பக்கமும் வளைவு வச்ச தாழ்வாரம், தாழ்வாரத்துல இருந்து நேரா ரூம் கதவு. முற்றத்துத் தரை முழுக்க செவப்பும் வெள்ளையுமா சதுரங்கப் பலகை மாதிரி பெயின்ட் அடிச்சிருக்காங்க. மழை பேஞ்சா முற்றத்துல பேயுது, வெயில் அடிச்சா முற்றத்துல அடிக்குது. மேல் மாடில நின்னு பாத்தா கீழ யாரு என்ன பண்றாங்கன்னு ஒண்ணு விடாம தெரியும். அங்க யாரும் மறைஞ்சு இருக்க முடியாது, அது தான் அந்தக் கட்டடத்தோட வேலைன்னு எனக்குத் தோணுச்சு.

கொலம்பியா அம்மா:
தம்பி, சரியான நேரத்துல எழுதினீங்க. நான் இதே மாநிலத்துல கொலம்பியால தான் இருக்கேன். என் பொண்ணு அடுத்த வருசம் காலேஜ். இந்த சிட்டடலுக்கு தான் அப்ளை பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யூனிஃபார்ம் போட்டவங்க ஒருத்தர் கூட கிடையாது, அவங்க அப்பா பேசறதயே நிறுத்திட்டாரு. எனக்கு பயமாவும் இருக்கு, அவ ஆசையக் கெடுக்கவும் மனசு வரல. அங்க ஒரு நாள் எப்படிப் போகும்? படிச்சு முடிச்சா கட்டாயம் ஆர்மிக்குப் போகணுமா? முதல் வருசம் ரொம்ப கொடுமைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நெசமா?

ஆத்தோரவாசி:
அக்கா, கட்டாயம் இல்ல. நாலு வருசமும் ஆர்ஓடிசி வகுப்பு (ராணுவ அதிகாரி ஆகறதுக்கான பயிற்சி) எல்லாரும் படிச்சே ஆகணும், ஆனா படிச்சு முடிச்சுட்டு ராணுவ அதிகாரியாப் போறவங்க சுமார் மூணுல ஒரு பங்கு தான். மத்தவங்க நம்மள மாதிரி இன்ஜினியர், கணக்கு, வியாபாரம்னு போயிடறாங்க. என் கூட வேலை பாக்கற ஒருத்தர் அங்க படிச்சவர், அவர் சொன்னதையும் நான் பாத்ததையும் சேத்து சொல்றேன்.

முதல் வருசப் பசங்களுக்கு நாப்னு பேரு. மொட்டை அடிச்ச தலை கதவுக் குமிழ் மாதிரி இருக்கறதால வந்த பேரு (பொண்ணுங்களுக்கு மொட்டை இல்ல). ஆகஸ்ட் நடுவுல வந்து சேரணும், சார்ல்ஸ்டன் ஆகஸ்ட் எப்படின்னா நம்ம சென்னைல மே மாசம் காத்தே இல்லாத ராத்திரி மாதிரி, சட்டை முதுகோட ஒட்டிக்கும். அந்த முதல் வாரத்துல தூக்கம், வேர்வை, கத்தல் மூணும் தான். நிக்கறப்ப தாடைய உள்ள இழுத்து விறைப்பா நிக்கணும், வெளிய நடக்கறப்ப நிமிசத்துக்கு 120 அடி வேகத்துல ரோட்டோரமா நடக்கணும், திரும்பறதுன்னா தொண்ணூறு டிகிரில வெட்டித் திரும்பணும். சீனியர் கேட்டா காலேஜ் சரித்திரத்த ஒப்பிக்கணும். சாப்பாட்டு மேசைல நாற்காலியோட முன் நுனில தான் உக்காரணும், முதல்ல சீனியருக்கு ஊத்திக் குடுத்துட்டு தான் தனக்கு.

மத்தபடி ஒரு நாள்னா, விடியறதுக்கு முன்ன பிகிள், முற்றத்துல வரிசை, எல்லாரும் சேந்து மார்ச் பண்ணிட்டே டிபனுக்கு கோவர்ட் ஹாலுக்குப் போறது, அப்புறம் கிளாஸ், மத்தியானம் மறுபடி வரிசை, சாயங்காலம் விளையாட்டு இல்ல உடற்பயிற்சி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டாயப் படிப்பு நேரம், அப்புறம் பிகிள் ஊதினதும் விளக்கு அணைக்கணும். சனிக்கிழமை காலைல ரூம் சோதனை, அதுக்கு முந்தின ராத்திரி முழுக்க பித்தளை பக்கிள் தேய்க்கறதும் ஷூ தேய்க்கறதும் தான். தப்புப் பண்ணா முற்றத்துல துப்பாக்கிய தோள்ல வச்சுக்கிட்டு அந்த செவப்பு வெள்ளைக் கட்டத்து மேல இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு நடந்துட்டே இருக்கணும், அதுக்கு டூர்னு பேரு. அந்த நண்பர் சொல்றாரு, பாடம் மறந்து போச்சு, அந்தக் கட்டம் எத்தனைன்னு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்குன்னு.

எல்லாத்துக்கும் மேல ஆனர் கோடு. பொய் சொல்லக் கூடாது, ஏமாத்தக் கூடாது, திருடக் கூடாது, அப்படி செய்யறவங்கள சகிச்சுக்கவும் கூடாது. அந்தக் கடைசி வரி தான் பசங்களுக்குக் கஷ்டம். கூட ஒரே ரூம்ல தூங்கறவன் காப்பி அடிச்சான்னா நீ தான் போய் சொல்லணும்.

சுபேதார் (ஓய்வு):
வணக்கம். நான் இருபத்தெட்டு வருசம் சர்வீஸ் போட்டுட்டு வந்து இப்ப வேலூர் பக்கம் இருக்கேன். அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தலைய மொட்டை அடிக்கறது அவமானப்படுத்த இல்ல. கலெக்டர் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே மாதிரி தெரியணும், அது தான். ஷூ தேய்க்கறது ஷூவுக்காக இல்ல, யாரும் பாக்காதப்பவும் வேலைய ஒழுங்கா செய்யறானான்னு தெரியறதுக்கு. பொண்ணு தானா ஆசைப்பட்டா விடுங்க. கட்டாயப்படுத்தி அனுப்பினா தான் உடையும், விரும்பிப் போனா வளையும் ஆனா உடையாது. நம்ம சென்னை பரங்கிமலைல ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்கற ஓடிஏல 1992லயே பொண்ணுங்கள எடுத்தாங்க, அப்பவும் ஊர் இதே தான் பேசுச்சு.

தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். சிட்டடல்னா நகரத்துக் கோட்டைன்னு அர்த்தம். கோட்டை கட்டினா எதிரி வர்ற பக்கம் பாத்து கட்டுவாங்க, சார்ல்ஸ்டனுக்கு எதிரி கடல் வழியா தானே வரணும். நீங்க சொல்றது ஆத்தோரம். இது யாருக்கு எதிரா கட்டின கோட்டை?

பழைய ஏடு:
சுபேதார் ஐயா கேட்டது தான் இந்த இழையோட கேள்வியே. நான் அமெரிக்க வரலாறு படிக்கறவன், என் ஆராய்ச்சியே தென் மாநிலங்கள் பத்தி தான், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

இப்ப ஆத்தோரம் இருக்கறது 1922ல குடிவந்த இடம். பழைய சிட்டடல் ஊருக்கு நடுவுல மரியன் ஸ்கொயர்ங்கற மைதானத்தப் பாத்து இருக்கு. அந்தக் கட்டடம் கடல் பக்கம் வர்ற எதிரிக்காக கட்டினது இல்ல. ஊருக்குள்ள இருக்கற மக்களப் பாத்து பயந்து கட்டினது.

டென்மார்க் வீசின்னு ஒரு தச்சர். அடிமையா இருந்தவர். 1799ல லாட்டரில 1,500 டாலர் விழுந்துச்சு, அதுல 600 டாலர் குடுத்து தன் விடுதலைய தானே வாங்கினார். ஆனா பொண்டாட்டி பிள்ளைங்கள மீட்க முடியல, அவங்க அடிமையாவே இருந்தாங்க. சார்ல்ஸ்டன்ல அப்ப ஜனத்தொகைல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். 1822ல வீசியும் மத்தவங்களும் சேந்து ஜூலை 14ம் தேதி பெரிய கிளர்ச்சி பண்ணத் திட்டம் போட்டாங்கன்னு சொல்லி பிடிச்சாங்க, மூடின கதவுக்குள்ள விசாரணை, ஜூலை 2ம் தேதி வீசிய தூக்குல போட்டாங்க, மொத்தம் 35 பேரத் தூக்குல போட்டாங்க. அவங்க கும்பிட்ட சர்ச்சயும் இடிச்சுத் தள்ளினாங்க. சதி அந்த அளவுக்கு இருந்துச்சா, இல்ல வெள்ளைக்காரங்க பயத்துல பெருசு பண்ணினாங்களான்னு இன்னைக்கும் வரலாற்றாளர்கள் சண்டை போட்டுட்டு இருக்காங்க. ஆனா பயம் நெசம். அந்த வருசம் டிசம்பர்லயே மாநில சட்டசபை 150 பேர் கொண்ட காவல் படைக்கும் ஆயுதக் கிடங்குக்கும் சட்டம் போட்டுச்சு. அந்தக் கிடங்கு தான் 1829 வாக்குல எழும்பின கட்டடம், அது தான் சிட்டடல்.

அப்புறம் 1842 டிசம்பர் 20ல இன்னொரு சட்டம். சம்பளம் குடுத்து காவக்காரன வைக்கறதுக்குப் பதிலா இளவட்டப் பசங்கள வச்சுப் படிக்கவும் வைப்போம், ஆயுதத்தயும் அவங்களே காக்கட்டும்னு. 1843 மார்ச் 20ல முதல் 20 கேடட் உள்ள போனாங்க. காலேஜ் அப்படிப் பொறந்தது தான்.

கிளிஞ்சல்:
நான் பழைய கட்டடங்கள் பழுது பாக்கற வேலைல இருக்கேன். ரெண்டு வருசம் முன்ன ஒரு வேலையா சார்ல்ஸ்டன் போனப்ப அந்த மரியன் ஸ்கொயர் போனேன். பழைய சிட்டடல் இப்ப எம்பசி சூட்ஸ் ஹோட்டல். வெளிய ரோஸ் கலர் பூச்சு, உள்ள போனா அதே முற்றம் இருக்கு, மேல கூரை போட்டு லாபி ஆக்கிட்டாங்க. சுத்தித் தாழ்வாரம், வளைவு. ஆத்தோர பாரக்ஸ்ல நீங்க பாத்த முற்றம் இந்த முற்றத்தோட வாரிசு தான். 1922ல புது இடத்துக்குப் போனப்ப பழைய முகத்தயே எடுத்துட்டுப் போகணும்னு நினைச்சு அதே கோட்டை வாகுல கட்டினாங்க. அதுல மூத்தது பேட்ஜட் தாமஸ் பாரக்ஸ், நடு கோபுரம் வச்சது. அது பழசாகி, 2000ல இடிச்சுட்டு 2004ல அதே உருவத்துல திரும்பக் கட்டினாங்க. பழசு தானே அழகுன்னு நானும் நினைக்கறவன் தான், ஆனா உள்ள பசங்க தூங்கறாங்க, சார்ல்ஸ்டன் 1886ல பெரிய பூகம்பம் பாத்த ஊரு, ஆத்து ஈரம் வேற. இடிச்சது சரின்னு தான் சொல்வேன்.

மைதானத்துல ஒரு மூலைல இடுப்பளவு சுவர்த் துண்டு ஒண்ணு கம்பி வேலிக்குள்ள நிக்கும், அத யாரும் கவனிக்க மாட்டாங்க. சிட்டடலுக்கும் முந்தினது, 1750கள் கடைசில கட்டின அரணோட மிச்சம். டேபின்னு சொல்வாங்க, சிப்பி ஓட்ட சுட்டு சுண்ணாம்பு எடுத்து, மணலும் உடைச்ச சிப்பியும் தண்ணியும் சேத்து பலகைக்குள்ள ஊத்தி இறுக வச்சது. கிட்ட போய் பாத்தா முழு முழு சிப்பி அப்படியே தெரியுது. எங்க தாத்தா கிளிஞ்சல் சுட்டு சுண்ணாம்பு நீத்தின கொத்தனார், அந்தச் சுவர் முன்னாடி நின்னப்ப அவர் கை வாசம் ஞாபகம் வந்துச்சு. அந்த சிப்பிய சுட்டதும் ஊத்தினதும் பெரும்பாலும் அடிமைகளோட கை தான். சார்ல்ஸ்டன்ல எந்த அழகான சுவர் முன்னாடி நின்னாலும் யாரு கட்டினதுன்னு முதல்ல கேக்கணும்.

சுபேதார் (ஓய்வு):
பழைய ஏடு தம்பி எழுதினதப் படிச்சு ராத்திரி தூக்கம் வரல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு அந்த முற்றத்துல நிக்கற பதினெட்டு வயசுப் பிள்ளை இருநூறு வருசத்துக்கு முன்ன நடந்ததுக்கு என்ன பண்ணும்? ஒரு ரெஜிமென்ட்டுக்கு பெருமை வேணும். பெருமை இல்லாம எவனும் குண்டு முன்னாடி நிக்க மாட்டான். தோண்டித் தோண்டி எல்லாத்தயும் அழுக்காக்கினா பிள்ளைங்க எத வச்சு நிமிந்து நிக்கும்?

பழைய ஏடு:
ஐயா, கோவம் இல்ல. நீங்க கேக்கறது நியாயம். ஆனா பெருமைன்னு அங்க ரொம்ப நாளா எத வச்சிருந்தாங்கன்னு பாருங்க. 1861 ஜனவரி 9ம் தேதி, சார்ல்ஸ்டன் துறைமுகத்துல மத்திய அரசுப் படை கைல இருந்த சம்டர் கோட்டைக்கு ஆளும் சாமானும் ஏத்திட்டு வந்த ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட் கப்பல் மேல மாரிஸ் தீவுல இருந்து குண்டு போட்டது சிட்டடல் கேடட் பசங்க. வடக்கு மாநிலங்களுக்கும் அடிமை முறைய விடாத தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் ஏப்ரல்ல தொடங்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே. அன்னைக்கு பறந்த செவப்புக் கொடிய பிக் ரெட்னு இன்னைக்கும் கொண்டாடறாங்க.

அதே கட்டடம் 1865 பிப்ரவரில யாரு கைக்குப் போச்சுன்னு தெரியுமா? சார்ல்ஸ்டன் விழுந்தப்ப முதல்ல உள்ள நுழைஞ்ச வடக்குப் படைல கறுப்பின வீரர்கள் இருந்தாங்க. அடிமைங்க எழுந்துடுவாங்களோன்னு பயந்து கட்டின கிடங்குல கறுப்பின சிப்பாய்ங்க துப்பாக்கியோட தங்கினாங்க. மார்ச் 21ம் தேதி அந்த சிட்டடல் மைதானத்துல இருந்து தான் விடுதலையான மக்கள் ஆயிரக்கணக்குல ஊர்வலம் கிளம்பினாங்க. தச்சர், தையக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாரும். அடிமைத்தனம் செத்துப் போச்சுன்னு எழுதி ஒரு பாடையத் தூக்கிட்டுப் போனாங்க.

இப்ப காலேஜ் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல ஹாம்ப்டன் பார்க் இருக்கில்ல, அங்க முன்ன குதிரைப் பந்தய மைதானம். போர் சமயத்துல அத வடக்குப் படைக் கைதிங்க முகாமா வச்சிருந்தாங்க, 257 பேர் செத்து ஒரே குழில கிடந்தாங்க. சார்ல்ஸ்டன் கறுப்பினத் தொழிலாளிங்க தானா முன்வந்து அந்த உடல்கள எடுத்து தனித்தனிக் குழில அடக்கம் பண்ணி வேலி கட்டி வளைவு வச்சாங்க. 1865 மே 1ம் தேதி பத்தாயிரம் பேர் பூவோட வந்தாங்க, முன்னாடி 3,000 பள்ளிப் பிள்ளைங்க. போர்ல செத்த வீரர்கள நினைச்சு அமெரிக்கால இன்னைக்கு அனுசரிக்கற மெமோரியல் டேக்கு இதுவே முதல்னு சொல்ற வரலாற்றாளர்கள் உண்டு. நூறு வருசத்துக்கு மேல இத எல்லாரும் மறந்தே போனாங்க. போரோட மூடின காலேஜ் 1882ல தான் திரும்பத் திறந்துச்சு.

ஐயா, நான் அழுக்காக்கல. அந்தப் பிள்ளைங்க நிமிந்து நிக்க இத விட நல்ல காரணம் வேற எங்க கிடைக்கும்? காலேஜ் வாசல்லயே கிடக்குது.

ஆத்தோரவாசி:
ஏடு தம்பி, நான் ஒம்பது வருசமா அந்தப் பார்க்ல ஞாயித்துக்கிழமை நடக்கறேன். வீசி சிலை அங்க தான் இருக்கு, 2014ல வச்சாங்க, கைல தச்சு சாமான் பையும் பைபிளும். ஓக் மரத்தடில நிக்கும். இத்தன நாள் யாரோ ஒரு பாதிரியார்னு நினைச்சு கடந்து போயிருக்கேன். நேத்து சாயங்காலம் போய் பலகைய முழுசா படிச்சேன். அங்க நின்னுட்டு இருக்கறப்பவே காலேஜ்ல இருந்து பிகிள் சத்தம் கேட்டுச்சு.

கொலம்பியா அம்மா:
எல்லாத்தயும் பொண்ணு கிட்ட படிச்சுக் காட்டினேன். அவ கேக்கறா, அப்ப முதல் கறுப்பின மாணவர் எப்ப சேந்தாரு, முதல் பொண்ணு எப்பன்னு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஏடு:
முதல் கறுப்பின கேடட் சார்ல்ஸ் ஃபாஸ்டர். 1966ல சேந்தார், 1970ல பட்டம். கறுப்பின மக்களப் பாத்து பயந்து கட்டின இடத்தோட மோதிரத்த (அங்க படிச்சு முடிக்கறவங்க போடற காலேஜ் மோதிரம்) அவர் விரல்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தார்.

பொண்ணுங்க கதை நீளம். ஷானன் ஃபால்க்னர் 1993ல அப்ளிகேஷன்ல பொண்ணுன்னு தெரியற எதுவும் இல்லாம அனுப்பினார், எடுத்துட்டாங்க. பொண்ணுன்னு தெரிஞ்சதும் இடம் இல்லன்னுட்டாங்க. ரெண்டரை வருசம் கோர்ட்டு. 1995 ஆகஸ்ட்ல உள்ள போனார், அந்த வெயில்ல உடம்பு முடியாம ஒரு வாரத்துக்குள்ள வெளிய வந்துட்டார். அவர் போனதுக்கு பசங்க முற்றத்துல குதிச்சு ஆர்ப்பாட்டம் பண்ணினத டிவில நாடே பாத்துச்சு. அத இப்ப பாத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். நூத்துக்கணக்கான ஆம்பளைங்க, ஒரே ஒரு பொண்ணு.

1996 ஜூன்ல வர்ஜீனியால இருக்கற விஎம்ஐங்கற இதே மாதிரி காலேஜ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்னு வச்சிருக்கறது செல்லாதுன்னு சொல்லிருச்சு, தீர்ப்ப எழுதினது நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். ரெண்டு நாள்ல சிட்டடலும் கதவத் திறந்துச்சு. அந்த ஆகஸ்ட் 4 பொண்ணுங்க சேந்தாங்க, கொடுமை தாங்காம அதுல 2 பேர் பாதிலயே வெளியேறினாங்க, சில பசங்க மேல நடவடிக்கையும் எடுத்தாங்க. அக்கா, இத உங்க கிட்ட மறைக்கறது சரி இல்ல. 1999ல நான்சி மேஸ், கேடட்டா இருந்து பட்டம் வாங்கின முதல் பொண்ணு. 2018ல சாரா சார்ன் மொத்த ரெஜிமென்ட்டுக்கும், அதாவது எல்லா கேடட்டுக்கும், கமாண்டர் ஆனார். பரேட்ல எல்லாருக்கும் முன்னாடி வாள் பிடிச்சு நிக்கற இடம் அது.

சுபேதார் (ஓய்வு):
எங்க வீட்டுல பேத்தி இருக்கா, இப்ப அஞ்சாங்கிளாஸ். நம்ம கடக்வாஸ்லா என்டிஏல (தேசிய பாதுகாப்பு அகாடமி) 2025ல முதல் பொண்ணுங்க பேட்ச் பாஸ் அவுட் ஆனத டிவில ரெண்டு பேரும் சேந்து தான் பாத்தோம். அந்த சாரா பொண்ணு வாள் பிடிச்ச போட்டோவ தேடி எடுத்துக் காட்டறேன். ஏடு தம்பி, நீங்க சொன்னது சரி. நேத்து நான் எழுதினத அப்படியே விட்டுடுங்க, அழிக்க வேண்டாம், ஆனா இப்ப நான் அப்படி நினைக்கல. எல்லாத்தயும் தெரிஞ்சுக்கிட்டு நிமிந்து நிக்கறவன் தான் நல்லா நிப்பான்.

கிளிஞ்சல்:
சேப்பல் பத்தி யாரும் சொல்லலையே. 1930கள்ல கட்டின சமரால் சேப்பல், சிலுவை வடிவத் தரை, வண்ணக் கண்ணாடி, உள்ள ரெண்டு பக்கமும் மாநிலக் கொடிங்க வரிசையா தொங்கும். அதுல ஒண்ணு உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தென் மாநிலக் கூட்டமைப்போட கப்பற்படைக் கொடி. 2015 ஜூன் 17ல மரியன் ஸ்கொயர் பக்கத்துல இமானுவேல் சர்ச்ல ஒன்பது பேர சுட்டுக் கொன்னான் ஒருத்தன், பைபிள் படிச்சுட்டு இருந்தவங்கள. வீசியோட காலத்துல இடிச்சாங்களே, அந்த சர்ச்சோட வழி வந்தது தான் அது. ஆறு நாள் கழிச்சு காலேஜ் போர்டு கூடி 9க்கு 3 ஓட்டுல கொடிய எடுத்துடலாம்னு முடிவு பண்ணுச்சு. ஆனா மாநிலத்துல பாரம்பரியச் சின்னங்களத் தொடக் கூடாதுன்னு 2000ல போட்ட சட்டம் இருக்கு, சட்டசபை ஒத்துக்கணும், அதுல நின்னு போச்சு. மரியன் ஸ்கொயர்ல நூறு அடிக்கு மேல உசரத் தூண்ல நின்ன கால்ஹூன் சிலைய 2020ல நகராட்சி இறக்கிருச்சு. அடிமை முறை நல்லதுன்னு செனட்ல பேசின மனுசன் அவர். எனக்கு அதுல ரெண்டு நினைப்பு இல்ல, இறக்கினது சரி, அந்தக் கொடியும் கும்பிடற இடத்துல இருக்கக் கூடாது.

ஆத்தோரவாசி:
எனக்கும் அப்படித் தான். பையனுக்குப் பிடிச்ச ரெண்டு இடத்தயும் சொல்லிடறேன். ஒண்ணு சேப்பல் பக்கத்துல இருக்கற மணிக்கூண்டு. தாமஸ் ஹவின்னு 1929ல படிச்சு முடிச்சவர், ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், ரெண்டாம் உலகப் போர்ல மேஜர். ஃபிரான்ஸ்ல சான் லோங்கற ஊர்ல பாப்போம்னு தன் ஆளுங்க கிட்ட சொல்லிட்டு அந்த ஊருக்கு வெளிய 1944 ஜூலை 17ல குண்டு பட்டு செத்துட்டார். மறுநாள் அவர் உடம்ப ஜீப்ல வச்சு முதல் ஆளா ஊருக்குள்ள கொண்டு போய் இடிஞ்ச சர்ச்சு கல்லு மேல கொடி போத்தி வச்சாங்க. சொன்ன மாதிரியே ஊருக்குள்ள போனார். பையன் இத மூணு தடவை சொல்லச் சொன்னான்.

இன்னொண்ணு செராஃப் நினைவிடம். பின்னாடி இந்த காலேஜ் பிரசிடென்ட் ஆன ஜெனரல் மார்க் கிளார்க்க 1942ல அல்ஜீரியாக் கரைக்கு ரகசியமா கொண்டு போன பிரிட்டிஷ் நீர்மூழ்கி செராஃப். அத உடைச்சப்ப சில பாகங்கள இங்க கொண்டு வந்து வச்சிருக்காங்க, பிரிட்டிஷ் கப்பற்படைக் கொடியும் பக்கத்துல பறக்குது. கிளார்க்கயும் இந்த வளாகத்துலயே தான் அடக்கம் பண்ணியிருக்காங்க.

அக்கா, ஒரு விஷயம் விட்டுட்டேன். நாப் வருசம் முடியற நாளுக்கு ரெக்கக்னிஷன் டேன்னு பேரு. பகல் பூரா தண்டால், ஓட்டம்னு பிழிஞ்சு எடுப்பாங்க. கடைசில சீனியர் கை குடுத்து தன் பேரச் சொல்வான், அது வரைக்கும் சார், மேடம் தான். அப்புறம் மொத்த பேட்ச்சும் காலேஜ்ல இருந்து ரோட்டுல மார்ச் பண்ணி மரியன் ஸ்கொயருக்குப் போய் பழைய சிட்டடல் முன்னாடி மறுபடி உறுதிமொழி எடுப்பாங்க. முதல் 20 பேர் உள்ள போன வாசல் அது. இப்ப நடக்கற வரிசைல கறுப்பினப் பசங்க, பொண்ணுங்க, ஆசியப் பசங்க எல்லாரும் இருக்காங்க, ரோட்டோரம் நின்னு பாத்திருக்கேன், முட்டி எல்லாம் புல் கறை, முகம் மட்டும் அப்படி ஒரு பிரகாசம்.

கொலம்பியா அம்மா:
போன வெள்ளிக்கிழமை போயிட்டு வந்தோம். அவங்க அப்பாவும் வந்தாரு, வண்டி ஓட்ட ஆள் வேணும்ல அப்படின்னு சொல்லிட்டு தான் வந்தாரு. நீங்க எழுதின வரிசைலயே போனோம், முதல்ல மரியன் ஸ்கொயர்ல அந்த சிப்பிச் சுவர், அப்புறம் ஹோட்டல் லாபில நின்னு மேல தாழ்வாரத்தப் பாத்தோம், அப்புறம் பார்க். வீசி சிலை முன்னாடி என் பொண்ணு ரொம்ப நேரம் நின்னா. பந்தய மைதானம் இருந்த வட்டப் பாதைய முழுசா ஒரு சுத்து நடக்கணும்னா, நடந்தோம்.

பரேட் முடிஞ்சு கலையறப்ப ஒரு நாப் பொண்ணு எங்கள தாண்டி ரோட்டோரமா வேகமா போச்சு. தாடை உள்ள, கண்ணு நேரா, மூலைல வெட்டித் திரும்புச்சு. கழுத்துல வேர்வை ஓடுது, துடைக்கல. என் பொண்ணு வயசு தான் இருக்கும், ஒரு வயசு கூட. அவங்க அப்பா அந்தப் பிள்ளை பாரக்ஸ் வாசலுக்குள்ள போற வரைக்கும் பாத்துட்டே இருந்தாரு. திரும்பி வர்றப்ப கார்ல ஒரு மணி நேரம் யாரும் பேசல. ஆரஞ்ச்பர்க் தாண்டினப்புறம் அவரே கேட்டாரு, அந்த ஷூ என்ன பாலிஷ் போட்டா அப்படி மின்னும்னு. சுபேதார் ஐயா, அதுக்கு பதில் நீங்க தான் சொல்லணும்.

சுபேதார் (ஓய்வு):
அம்மா, கறுப்பு மெழுகு பாலிஷ், பழைய பனியன் துணி, ஒரு மூடி தண்ணி. துணிய ரெண்டு விரல்ல இறுக்கிச் சுத்தி, பாலிஷ கொஞ்சமா தொட்டு, தண்ணி ஒரு சொட்டு, சின்னச் சின்ன வட்டமா தேய்க்கணும். அழுத்தக் கூடாது. மூக்குப் பக்கம் மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். அவரயே முதல்ல ஒரு ஷூ தேய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க, பொண்ணு பக்கத்துல உக்காந்து இன்னொண்ணு தேய்க்கட்டும்.